ரயன்ஏர் விமானம்: சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணமா? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஐரோப்பாவில் படிப்புக்கும் வேலைக்கும் போனவர்கள், அவர்களைப் பார்க்கப் போகும் அப்பா அம்மாக்கள், பத்து நாளில் ஆறு நாடு பார்த்துவிட வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. அயர்லாந்தின் டப்ளினைத் தலைமையகமாகக் கொண்ட ரயன்ஏர் நிறுவனத்தை வைத்தே எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியிருக்கிறேன். ஐரோப்பாவில் மலிவாகப் பறக்க வேண்டுமென்று தேடினால் முதலில் வந்து நிற்கும் பெயர் பெரும்பாலும் அதுதான். 2025 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் அது ஏற்றிச் சென்றவர்கள் 20 கோடிப் பேர். கையில் 600க்கும் மேற்பட்ட விமானங்கள்.

15 யூரோவுக்கு விமான டிக்கெட் என்று காட்டுகிறதே, உண்மையா?

உண்மைதான். ஆனால் அந்த 15 யூரோவுக்குக் கிடைப்பது ஓர் இருக்கையும், முன் இருக்கையின் கீழே தள்ளிவிடக்கூடிய ஒரு சின்னப் பையும் மட்டுமே. எந்த இருக்கை என்பதைக்கூடக் கம்பெனிதான் முடிவு செய்யும். பெட்டி, விருப்பமான இருக்கை, சாப்பாடு, கவுண்டரில் உதவி என்று மற்ற எதற்கும் தனித்தனியே காசு.

நம்மூர் உள்நாட்டு விமானத்தில் 15 கிலோ பெட்டியும் 7 கிலோ கைப்பையும் டிக்கெட்டிலேயே அடங்கும். அந்தப் பழக்கத்தோடு போகிறவர்தான் அங்கே விமானத்துக்கு ஏற்றிவிடும் வாசலான கேட்டில் நின்று திட்டுகிறார். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற பழமொழியை யாரோ ரயன்ஏரில் போய்விட்டு வந்துதான் சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொன்று. எல்லா இருக்கையும் 15 யூரோவுக்குப் போவதில்லை. மேலே சொன்ன நிதியாண்டில் சராசரி டிக்கெட் விலை சுமார் 46 யூரோ. அதற்கு மேல் பெட்டி, இருக்கை, தின்பண்டம் என்ற வகையில் ஆளுக்கு 23 யூரோவுக்குக் கொஞ்சம் அதிகமாக வசூலாகியிருக்கிறது. எல்லாச் செலவும் போக நிறுவனத்துக்கு நின்ற லாபம் சுமார் 161 கோடி யூரோ, அதாவது ஒரு பயணிக்கு 8 யூரோ. 8 யூரோதான் லாபம் என்னும்போது, நீங்கள் எடுத்து வரும் ஒரு பெட்டியே அந்தக் கணக்கை ஏறவோ இறங்கவோ வைத்துவிடும். ஏன் இத்தனை கறார் என்பதற்கு இது பாதி பதில்.

இவ்வளவு குறைத்து ஓட்டினால் எப்படிக் கட்டுப்படியாகிறது?

மீதிப் பாதி பதில் 25 நிமிடத்தில் இருக்கிறது.

விமானம் தரையில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் நஷ்டம். வந்து நின்று, ஆட்களை இறக்கி, அடுத்த கூட்டத்தை ஏற்றி மறுபடி கிளம்ப ரயன்ஏர் ஒதுக்கும் நேரம் 25 நிமிடம். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் வண்டி உள்ளே வரும்போதே ‘திருச்சி திருச்சி’ என்று கூவி ஏற்றுகிற வேகம். இதை மனதில் வைத்துக்கொண்டு விமானத்துக்குள் பாருங்கள், நிறைய விஷயம் விளங்கும். இருக்கை பின்னால் சாயாது. சாய்ந்தால் பழுதாகும், பழுது பார்க்க நேரம் வேண்டும். முன் இருக்கையின் முதுகில் பை கிடையாது. பை இருந்தால் குப்பை சேரும், அதைப் பொறுக்க ஆள் வேண்டும். பாதுகாப்பு விளக்க அட்டையை இருக்கையின் முதுகிலேயே ஒட்டியிருப்பார்கள். பல விமான நிலையங்களில் ஏரோபிரிட்ஜ் (கட்டடத்திலிருந்து விமானக் கதவுவரை நீளும் மூடிய நடைபாதை) வைக்காமல் வெயிலிலோ மழையிலோ நடக்கவிட்டு, முன்வாசல் பின்வாசல் இரண்டிலும் ஏற்றுவார்கள். முன்வாசல் படிக்கட்டு விமானத்துக்குள்ளேயே மடிந்திருப்பதால் வெளியிலிருந்து ஏணி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

அடுத்தது ஒரே வகை விமானம். லௌடா என்ற துணை நிறுவனத்தின் சில ஏர்பஸ்களைத் தவிர மற்ற எல்லாமே போயிங் 737. எந்த விமானியும் எந்த விமானத்தையும் ஓட்டலாம், உதிரிபாகமும் ஒரே வகைதான். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் உலகமே விமானம் வாங்கப் பயந்திருந்த நேரத்தில், 2002 ஜனவரியில் 100 புது 737-800 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். வாங்க ஆள் இல்லாத நேரத்தில் வாங்கினால் விலை எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இருக்கைக் கணக்கும் சுவாரஸ்யமானது. 737-800 விமானத்தில் 189 இருக்கை. புதிய மேக்ஸ் 8-200 வகையில் 197. கூடுதல் எட்டு இருக்கைக்காக அவசர வழியும் கூடுதலாக வைக்க வேண்டியிருந்தது. ஐரோப்பிய விதிப்படி 50 இருக்கைக்கு ஒரு பணியாளர். அப்படிப் பார்த்தால் 189க்கும் நான்கு பேர், 197க்கும் நான்கு பேர். எட்டு டிக்கெட் கூடுதல், சம்பளத்தில் மாற்றமில்லை.

அப்புறம், விமானங்களும் பணியாளர்களும் பெரும்பாலும் இரவு தங்கள் சொந்தத் தளத்துக்கே திரும்பிவிடுவார்கள். ஓட்டல் செலவு மிச்சம்.

இந்த நிறுவனம் எப்படி வந்தது?

விமானங்களை வாடகைக்கு விடும் தொழிலில் பெரிய ஆளாக இருந்த அயர்லாந்துக்காரர் டோனி ரயனின் குடும்பம் தொடங்கியது. 1985இல் வாட்டர்ஃபோர்டிலிருந்து லண்டன் கேட்விக்குக்கு 15 இருக்கை கொண்ட ஒரு சின்ன விமானம். உள்ளே நிமிர்ந்து நிற்க இடமில்லாததால் பணிப்பெண்கள் 5 அடி 2 அங்குலத்துக்கு மேல் உயரம் இருக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டார்கள். மறு ஆண்டு டப்ளின் – லண்டன் லூட்டன். போய்வர மற்றவர்கள் 209 பவுண்டு வாங்கிய காலத்தில் இவர்கள் 99 பவுண்டு வாங்கினார்கள். கூட்டம் வந்தது, லாபம் வரவில்லை. 1990க்குள் 2 கோடி பவுண்டு நஷ்டம்.

டோனி ரயனிடம் உதவியாளராக இருந்த மைக்கேல் ஓ'லியரி அமெரிக்காவுக்குப் போய் சவுத்வெஸ்ட் என்ற மலிவு விமான நிறுவனம் எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிட்டு வந்தார். ஒரே வகை விமானம், சீக்கிரம் திருப்புவது, ஓசிச் சாப்பாடு கிடையாது என்பதெல்லாம் அங்கே கற்ற பாடம். 1994இல் அவர் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். அதே காலத்தில் ஐரோப்பிய ஒன்றியம் விமானத் தொழிலைத் திறந்துவிட்டது. 1997லிருந்து ஓர் உறுப்பு நாட்டின் நிறுவனம் வேறோர் உறுப்பு நாட்டுக்குள்ளேயே இரண்டு ஊர்களுக்கிடையில்கூட ஓட்டலாம் என்றானது. அயர்லாந்து நிறுவனம் இத்தாலிக்குள்ளேயே பறப்பது அப்படித்தான்.

‘பாரிஸ்’ என்று போட்டுவிட்டு எங்கோ வயல்வெளியில் இறக்குகிறார்களாமே?

பாரிஸ் போவே விமான நிலையம் பாரிஸிலிருந்து சுமார் 85 கி.மீ. கிட்டத்தட்ட செங்கல்பட்டையும் தாண்டி மதுராந்தகத்தில் இறக்கிவிட்டு ‘சென்னை வந்தாச்சு’ என்று சொல்வது போல. ஃபிராங்க்ஃபர்ட் ஹான் இன்னும் மோசம், நகரத்திலிருந்து 120 கி.மீ. ஸ்டாக்ஹோம் ஸ்கவ்ஸ்டா 100 கி.மீ. பிரஸ்ஸல்ஸுக்கு ஷார்லரோய், மிலானுக்கு பெர்காமோ, வெனிஸுக்கு ட்ரெவிசோ, பார்சிலோனாவுக்கு ஜிரோனா என்று பட்டியல் நீளம்.

பெரிய விமான நிலையத்தில் கட்டணம் அதிகம், நெரிசலும் அதிகம். நெரிசலில் 25 நிமிடக் கணக்கு உடைந்துவிடும். சின்ன விமான நிலையங்களோ கூட்டம் வந்தால் போதும் என்று கட்டணத்தைக் குறைக்கும், விளம்பரத்துக்கென்று பணமும் தரும். இப்படி ஷார்லரோயில் கிடைத்த சலுகைகளில் ஒரு பகுதி சட்டவிரோத அரசு உதவி என்று 2004இல் ஐரோப்பிய ஆணையம் சொன்னது. 2008இல் நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது.

எல்லா இடத்திலும் இப்படி இல்லை. மாட்ரிட், பார்சிலோனா, லிஸ்பன் போன்ற ஊர்களின் முக்கிய நிலையங்களுக்கும் பறக்கிறார்கள். டிக்கெட் வாங்குமுன் நிலையத்தின் பெயரை மேப்பில் பாருங்கள், நகரத்துக்குப் போகும் பஸ் கட்டணத்தையும் சேர்த்துக் கூட்டுங்கள். காலை 6 மணி விமானமென்றால் அந்த நேரத்துக்கு நிலையம்வரை பஸ் உண்டா என்பதையும்.

என்ன பை கொண்டு போகலாம்?

இலவசமாக ஒன்றே ஒன்று: 40 x 30 x 20 செ.மீ. அளவுக்குள், முன் இருக்கைக்குக் கீழே போகிற பை. 2025இல்தான் அளவை இந்த அளவுக்குப் பெரிதாக்கினார்கள். பள்ளிக்கூடப் பை பெரும்பாலும் பிழைக்கும். சக்கரம் வைத்த கேபின் ட்ராலி பிழைக்காது.

அந்த ட்ராலி வேண்டுமென்றால் ‘பிரையாரிட்டி’ வாங்க வேண்டும். 55 x 40 x 20 செ.மீ., 10 கிலோ வரை கூடவே எடுத்துப் போகலாம். மேலே உள்ள பெட்டியறையில் இடம் குறைவு என்பதால் ஒரு விமானத்துக்கு இத்தனை பேர் என்று எண்ணிக்கை வைத்து விற்கிறார்கள், சீக்கிரம் தீர்ந்துவிடும். அதைவிடப் பெரிய பெட்டி என்றால் கவுண்டரில் கொடுத்து அனுப்ப வேண்டும். அந்தக் கவுண்டர் புறப்பாட்டுக்கு 40 நிமிடம் முன்பே மூடிவிடும்.

முக்கியமான விஷயம் எப்போது வாங்குகிறீர்கள் என்பது. டிக்கெட்டோடு சேர்த்து வாங்கினால் குறைவு, பின்னால் சேர்த்தால் கூடும், கேட்டில் மாட்டினால் 75 யூரோ வரை போகும். கேட்டில் ஒரு இரும்புச் சட்டம் வைத்திருப்பார்கள், பை அதற்குள் இறங்க வேண்டும். அங்கே நிற்கும் ஊழியர் சும்மா விடமாட்டாரா என்று நினைக்க வேண்டாம். அளவு மீறிய பையைப் பிடித்தால் அவருக்கு ஊக்கத்தொகை உண்டு. பைக்கு ஒன்றரை யூரோவாக இருந்ததை இரண்டரை யூரோவாக்குவதாக 2025இல் ஓ'லியரியே வெளிப்படையாகச் சொன்னார். எனக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. ஆனால் ஒளித்துச் செய்யவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அளவைச் சக்கரம், கைப்பிடி எல்லாம் சேர்த்துப் பாருங்கள். வீட்டில் டேப் வைத்து அளந்துவிட்டு, அப்புறம் ஊறுகாய் பாட்டிலைச் சொருகி வயிறு புடைக்க வைத்தால் அளந்த பயனில்லை.

செக்-இன்னை மறந்துவிட்டால்?

பயணத்துக்கு முன் ஆன்லைனில் வருகையைப் பதிவு செய்வதுதான் செக்-இன். அதை மறந்துவிட்டு நிலையத்தில் செய்தால் 55 யூரோ, சில நாடுகளில் அதைவிடக் குறைவு. டிக்கெட்டைவிட இது அதிகமாகிவிடுவது சாதாரணம்.

இருக்கைக்குக் காசு கொடுக்காதவர்களுக்கு ஆன்லைன் செக்-இன் புறப்பாட்டுக்கு 24 மணி நேரம் முன்பு திறக்கும். 2 மணி நேரம் முன்பு மூடும். போய்வர இரண்டு டிக்கெட் வாங்கியவர்கள் பெரும்பாலும் திரும்பும் டிக்கெட்டில்தான் சறுக்குகிறார்கள். ஊர் சுற்றும் மும்முரத்தில் மறந்துபோகும். போனில் அலாரம் வையுங்கள்.

2025 நவம்பர் 12 முதல் காகித போர்டிங் பாஸ் கிடையாது. போனில் ரயன்ஏர் செயலிக்குள் இருப்பதுதான் பாஸ். போனில் சார்ஜ் போய்விட்டால், அல்லது போனே தொலைந்துவிட்டால், ஏற்கெனவே ஆன்லைனில் செக்-இன் செய்திருக்கும் பட்சத்தில் கவுண்டரில் இலவசமாக அச்சடித்துத் தருவதாகச் சொல்கிறார்கள். ஸ்மார்ட்போனோடு மல்லுக்கட்டும் பெரியவர்களுக்கு, கூடப் போகிறவர் போனிலேயே எல்லோர் பாஸையும் வைத்துக்கொள்வது நல்லது.

கேட் 20 நிமிடம் முன்பு மூடும். 19ஆவது நிமிடத்தில் ஓடிவந்து கெஞ்சினால் விமானம் கண்ணெதிரே நிற்கும், கதவு திறக்காது.

இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஏதாவது?

உண்டு. நம் ஆட்கள் அதிகம் அடிபடுவது இங்கேதான்.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் பாஸ்போர்ட் இல்லாதவர்கள் பாதுகாப்புச் சோதனைக்குப் போகுமுன் ரயன்ஏர் கவுண்டரில் பாஸ்போர்ட்டையும் விசாவையும் காட்டிச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். பெட்டி எதுவும் கொடுக்காவிட்டாலும் இது வேண்டும். கையில் பாஸ் இருக்கிறதே என்று நேரே உள்ளே போய்விட்டு, கேட்டில் திருப்பி அனுப்பப்படும்போது கவுண்டருக்கு ஓட நேரம் இருக்காது. அந்த கவுண்டரில் வரிசை நிற்கும். அதற்காகவே அரை மணி நேரம் முன்கூட்டிப் போங்கள்.

அடுத்தது விசா. ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டுக்கு ஷெங்கன் என்று பெயர். லண்டனும் டப்ளினும் அந்த ஷெங்கன் எல்லைக்குள் இல்லை. பாரிஸ் விசா வைத்துக்கொண்டு டப்ளினுக்கு மலிவு டிக்கெட் கிடைக்கிறதே என்று வாங்கினால் விமானத்தில் ஏற்றமாட்டார்கள், பணமும் திரும்பாது. ஜெர்மனியில் குடியிருப்பு அனுமதி உள்ளவரும் லண்டனுக்குத் தனி விசா வாங்கத்தான் வேண்டும். ஷெங்கன் விசா ஒருமுறை மட்டும் நுழையும் வகையாக இருந்தால் இன்னொரு கண்ணி: பாரிஸிலிருந்து சைப்ரஸ் போய்விட்டுத் திரும்பி வருகிறீர்கள் என்றால் அது இரண்டாவது நுழைவு. சைப்ரஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது, ஷெங்கனில் இல்லை. ருமேனியாவும் பல்கேரியாவும் 2025 ஜனவரி 1 முதல் முழுமையாக ஷெங்கனுக்குள் வந்துவிட்டன.

ஷெங்கனுக்குள்ளேயே, சொல்லப்போனால் ஒரே நாட்டுக்குள்ளேயே பறந்தாலும் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

பெயரில் இனிஷியல் குழப்பம் வருமா?

பாஸ்போர்ட்டில் என்ன இருக்கிறதோ அதேதான் டிக்கெட்டிலும் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்க, டிக்கெட்டில் பழக்கதோஷத்தில் ‘எஸ்.’ என்று போடாதீர்கள். தவறைக் கண்டால் அன்றைக்கே சரிசெய்யுங்கள். எழுத்துப் பிழையை உடனே கேட்டால் திருத்தித் தருவார்கள். முழுப் பெயரையும் மாற்றும் கட்டணம் 100 யூரோவைத் தாண்டும், அதற்குப் புது டிக்கெட்டே வாங்கிவிடலாம்.

குடும்பமாகப் போகிறோம், சேர்ந்து உட்கார வைப்பார்களா?

இருக்கைக்குக் காசு கொடுக்காவிட்டால் பிரித்துப் போட்டுவிடுவார்கள் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். 12 வயதுக்குக் கீழ் பிள்ளைகள் இருந்தால் கூடப் போகும் பெரியவர் ஒருவர் இருக்கைக் கட்டணம் கட்டியே ஆக வேண்டும், அவர் பக்கத்தில் பிள்ளைகளுக்கு இலவசம். கணவனும் மனைவியும் ஒன்றரை மணி நேரம் தனித்தனியாக உட்கார்ந்தால் குடிமுழுகிப் போகாது என்பது என் கட்சி. அந்தக் காசில் இறங்கியதும் நல்ல காபி குடிக்கலாம்.

வேறு பயணத் தளத்தில் விலை குறைவாகக் காட்டுகிறதே?

ஒப்பிட்டுப் பார்க்க அந்தத் தளங்கள், வாங்க ரயன்ஏரின் சொந்தத் தளம். இடைத் தரகர்களோடு அந்த நிறுவனம் பல ஆண்டு சண்டை போட்டது. சிலரோடு 2024இல் ஒப்பந்தத்துக்கு வந்துவிட்டார்கள். ஒப்பந்தம் இல்லாத தளத்தில் வாங்கினால் டிக்கெட்டில் இருக்கும் மின்னஞ்சல் உங்களுடையதாக இல்லாமல் போகலாம். விமானம் ரத்தான செய்தி உங்களுக்கு வராது, திரும்பும் பணமும் சுற்றி வளைத்து வரும். அடையாளத்தைச் சரிபார் என்று செக்-இன்னையும் இழுத்தடிப்பார்கள்.

சொந்தத் தளத்தில் வாங்கும்போதும் ஒன்றைக் கவனியுங்கள். பணம் கட்டும் பக்கத்தில் ‘உங்கள் கார்டின் நாணயத்திலேயே கழிக்கட்டுமா’ என்று ஒரு பெட்டி ஏற்கெனவே டிக் ஆகியிருக்கும். அந்த மாற்று விகிதம் பொதுவாக உங்கள் வங்கி தருவதைவிட மோசமாக இருக்கும். டிக்கை எடுத்துவிடுங்கள்.

சென்னையிலிருந்து லண்டன் வந்து அங்கிருந்து ரயன்ஏரில் மாறினால்?

சென்னை விமானம் தாமதமானால் ரயன்ஏருக்கு அதைப் பற்றிக் கவலையில்லை, டிக்கெட் போனது போனதுதான். போதாததற்கு நீங்கள் இறங்குவது ஹீத்ரோ, ரயன்ஏரின் பெரிய தளம் ஸ்டான்ஸ்டெட். ஒன்று லண்டனின் இந்தக் கோடி, மற்றது அந்தக் கோடி. நடுவே பிரிட்டன் விசாவும் வேண்டும். ஒரு ராத்திரி இடைவெளி விடாமல் இந்த விளையாட்டு வேண்டாம்.

விமானம் தாமதமானால், ரத்தானால் என்ன கிடைக்கும்?

இந்த ஒரு விஷயத்தில் சட்டம் பயணி பக்கம். 15 யூரோ டிக்கெட்டுக்கும் 1,500 யூரோ டிக்கெட்டுக்கும் ஒரே உரிமை. எந்த நாட்டு பாஸ்போர்ட் என்பதும் பொருட்டில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 என்ற விதி அப்படித்தான் சொல்கிறது. ஒன்றியத்திலிருந்து வெளியேறிய பிரிட்டனும் இதே போன்ற சட்டத்தை வைத்திருக்கிறது.

போய்ச் சேர 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலோ, 14 நாளுக்குக் குறைவான அறிவிப்பில் ரத்து செய்தாலோ இழப்பீடு உண்டு. 1,500 கி.மீ. வரை 250 யூரோ. டப்ளினிலிருந்து டெனெரிஃப் தீவு போன்ற அதைவிட நீண்ட தூரத்துக்கு 400. ரத்தானவருக்குச் சீக்கிரமே மாற்று விமானம் கொடுத்துவிட்டால் மட்டும் இதில் விலக்கு உண்டு. டிக்கெட் விலையைப் போல் பத்து மடங்கு இழப்பீடாகக் கிடைக்கலாம். நிறுவனத்துக்கு இது பிடிக்காது என்பதில் ஆச்சரியமில்லை.

விதிவிலக்கு: மோசமான வானிலை, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களின் வேலைநிறுத்தம் போல நிறுவனத்தின் கையில் இல்லாத காரணங்கள். பிரான்ஸில் கட்டுப்பாட்டாளர்கள் வேலைநிறுத்தம் செய்தால் பிரான்ஸின் மேலே பறந்து ஸ்பெயின் போகிற விமானமும் ரத்தாகும், அதற்கு இழப்பீடு வராது. ஆனால் நிறுவனத்தின் சொந்த ஊழியர்கள் சம்பளம் கேட்டு நடத்தும் வேலைநிறுத்தம் இந்த விலக்கில் வராது என்று ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சாதாரண இயந்திரக் கோளாறும் பொதுவாக வராது.

இழப்பீடு வேறு, பராமரிப்பு வேறு. காரணம் என்னவாக இருந்தாலும் காத்திருக்கும் நேரத்துக்குச் சாப்பாடும், இரவு தங்க வேண்டியிருந்தால் ஓட்டலும் தந்தாக வேண்டும். 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலை வெடித்து ஐரோப்பிய வானமே மூடிக் கிடந்தபோது, போர்ச்சுகலின் ஃபாரோவில் ஒரு வாரம் மாட்டிக்கொண்ட ஒரு பயணி சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் சேர்த்து 1,129 யூரோ கேட்டு ரயன்ஏர் மேல் வழக்குப் போட்டார். எரிமலைக்கு நாங்கள் என்ன செய்ய முடியும் என்றது நிறுவனம். இழப்பீடுதான் தள்ளுபடி, பராமரிப்புக்கு விலக்கே கிடையாது, வரம்பும் கிடையாது என்று 2013இல் ஐரோப்பிய நீதிமன்றம் பயணி பக்கம் தீர்ப்புச் சொன்னது.

ஆகவே ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். நட்சத்திர ஓட்டலில் தங்கிவிட்டு நீட்டினால் நடக்காது, நியாயமான செலவு மட்டும். ரத்தானதும் வரும் மெசேஜில் ‘பணத்தைத் திரும்பப் பெறு’ என்ற பொத்தானை அவசரப்பட்டு அழுத்தாதீர்கள். பணம் வாங்கிவிட்டால் மாற்று விமானம் ஏற்பாடு செய்வதும் ஓட்டல் போடுவதும் அவர்கள் பொறுப்பில்லாமல் போகும். அன்று இரவு உங்களை ஊர் சேர்க்க வேண்டியது நீங்களே. பணத்துக்குப் பதிலாக மாற்று விமானம் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

இழப்பீட்டை ரயன்ஏர் தளத்திலேயே நேரடியாகக் கேட்கலாம். பங்கு வாங்கிக்கொண்டு வாதாடித் தரும் ஏஜென்சிகளுக்கு முதலிலேயே போக வேண்டியதில்லை. மறுத்தால் பார்த்துக்கொள்ளலாம்.

தாமதத்தைத் தவிர்க்க ஒரு எளிய வழி, காலை முதல் விமானம். 25 நிமிடக் கணக்கில் ஒன்று பிந்தினால் அன்றைய மிச்ச விமானங்கள் எல்லாம் வரிசையாகப் பிந்தும். ராத்திரி விமானத்தில் போகிறவர் அன்றைக்கு நடந்த அத்தனை தாமதத்தையும் சேர்த்து அனுபவிப்பார்.

மலிவு என்றால் பாதுகாப்பும் மலிவா?

இல்லை. ஆரம்பித்த நாளிலிருந்து ரயன்ஏர் விமான விபத்தில் ஒரு பயணிகூட இறந்ததில்லை. 2008 நவம்பரில் ரோம் சியாம்பினோவில் இறங்கும்போது மைனா இனத்துப் பறவைக் கூட்டம் இரண்டு எஞ்சினிலும் புகுந்தது. விமானம் பழுதுபார்க்க முடியாத அளவுக்குச் சேதமானது, உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் உயிர் பிழைத்தார்கள். 2012இல் மாட்ரிட்டில் புயல் என்று வலென்சியாவுக்குத் திருப்பிவிடப்பட்ட மூன்று விமானங்கள் எரிபொருள் குறைந்து அவசர அழைப்பு விடுத்தது பெரிய செய்தியானது. விதிப்படியான எரிபொருளோடுதான் கிளம்பினார்கள் என்று விசாரணையில் தெரிந்தது, கொஞ்சம் கூடுதலாக எடுத்துப்போகலாம் என்ற யோசனையும் வந்தது. மெத்தையில் மிச்சம் பிடிக்கலாம், பராமரிப்பில் பிடித்தால் அனுமதியே போய்விடும் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல.

ஊழியர்களைக் கசக்கிப் பிழிகிறார்கள் என்பது உண்மையா?

இந்த மலிவில் ஒரு பங்கு அவர்கள் தோளில் ஏறியது உண்மை. எந்த நாட்டில் குடியிருந்து வேலை பார்த்தாலும் அயர்லாந்து சட்டப்படிதான் ஒப்பந்தம் என்று நீண்டகாலம் வைத்திருந்தார்கள். ஷார்லரோயில் வேலை பார்த்த கேபின் ஊழியர்கள் வழக்குப் போட்டு, வழக்கமாக எங்கே வேலை செய்கிறார்களோ அந்த நாட்டு நீதிமன்றத்துக்கே போகலாம் என்று 2017 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்பு வாங்கினார்கள்.

அதே மாதம் வேறொரு கூத்து. விமானிகளின் விடுமுறைக் கணக்கை நிர்வாகம் சொதப்பிவிட்டது. முதலில் சுமார் 2,100 விமானங்களை ரத்து செய்தார்கள், பின்னால் குளிர்கால அட்டவணையிலிருந்து இன்னும் 18,000. ஏழு லட்சம் பேரின் பயணம் கலைந்தது. விமானிகள் கை ஓங்கியது. தொழிற்சங்கம் என்ற வார்த்தையே ஆகாது என்றிருந்த நிறுவனம் அந்த டிசம்பரில் முதன்முறையாகச் சங்கங்களை அங்கீகரித்தது.

கழிப்பறைக்கும் காசு வாங்குவார்களாமே?

வாங்கவில்லை. 2009இல் ஓ'லியரி அப்படி யோசிப்பதாகச் சொன்னார், அடுத்த ஆண்டு நின்றுகொண்டே பயணம் என்றார். உலகம் முழுக்கப் பத்திரிகைகள் எழுதின. ஒரு பைசா விளம்பரச் செலவில்லை.

சொன்னதில் சிலவற்றைச் செய்தும் பார்ப்பார்கள், கணக்கு இடித்தால் தயங்காமல் தூக்கிவிடுவார்கள். 2025 மார்ச்சில் ஆண்டுக்கு 79 யூரோவுக்கு ‘பிரைம்’ என்று ஒரு சந்தா தொடங்கினார்கள். சேர்ந்தவர்கள் சலுகையை ஒரு துளி விடாமல் பயன்படுத்தியதில் நிறுவனத்துக்கு வந்ததைவிடப் போனது அதிகம். அதே ஆண்டு நவம்பரில் மூடுவதாக அறிவித்துவிட்டார்கள். ரயன்ஏரையே கணக்கில் வென்ற 55,000 பேர் என்று அவர்களுக்கு ஒரு சால்வை போர்த்தலாம்.

ஈஸிஜெட், விஸ் ஏர் போன்ற மற்ற மலிவு விமான நிறுவனங்கள் இதைவிட மேலா?

ஈஸிஜெட் கேட்விக், பாரிஸ் சார்ல்ஸ் து கோல் போன்ற பெரிய நிலையங்களுக்கு அதிகம் போகும், அதனால் நகரத்துக்குள் போகும் செலவு குறையும். விஸ் ஏர் ஹங்கேரி நிறுவனம், கிழக்கு ஐரோப்பாவில் பலம். இரண்டும் ஏர்பஸ். பை விஷயத்தில் மூவரும் உறவுக்காரர்கள்தான், அளவு மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். போகும்போது ஒன்று, வரும்போது வேறொன்று என்றால் இரண்டில் சிறிய அளவுக்குப் பை வாங்குங்கள்.

கட்டுச்சோறு கொண்டு போகலாமா?

தாராளமாக. உள்ளே சாண்ட்விச்சும் சுரண்டிப் பார்க்கும் லாட்டரிச் சீட்டும்தான் விற்றுக்கொண்டு வருவார்கள், தண்ணீர்கூடக் காசுக்குத்தான். புளியோதரை, இட்லி மிளகாய்ப்பொடி, சப்பாத்தி எல்லாம் போகும். தயிர், சட்னி, ஊறுகாய் மூன்றும் பாதுகாப்புச் சோதனையில் திரவக் கணக்கில் சேரும். 100 மில்லி விதி இன்னும் நடக்கிற நிலையங்களில் பாட்டிலோடு குப்பைத்தொட்டிக்குப் போகும். வெளியிலிருந்து சூடான காபியோ டீயோ விமானத்துக்குள் கொண்டு ஏற விடமாட்டார்கள். கேட்டிலேயே குடித்து முடித்துவிடுங்கள்.